பெட்டி இரண்டு, பொறுப்பு யாருக்கு?

சமையலறையில் கேஸ் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இணையம் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதேபோல எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. எழுபதைத் தாண்டிய எங்களுக்கு அது இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா, நான் வந்து பாத்துக்கறேன்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் சொல்லுகிற பிள்ளை இருப்பது பெங்களூரில் அல்லது பாரிஸ் பக்கத்தில். அவர் வரும்வரை பெட்டியின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், நாமும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன்னால் வீட்டு இணையம் என்பது பொழுதுபோக்கு. நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விடலாம். இன்று அப்படி இல்லை. கரண்ட் பில், கேஸ் பதிவு, வங்கிக் கணக்கு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. ஓய்வூதியர்களுக்கான மின்னணு உயிர்வாழ்வுச் சான்று 2014 நவம்பரில் ஆரம்பித்தது. 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைக் கொடுக்கலாம். எங்கள் புதுச்சேரியில் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களும் வருடாவருடம் 'செர்த்திஃபிகா த வீ' அனுப்பியாக வேண்டும். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிப்பதே இந்த வயரை நம்பி இருக்கிறது என்றால், அந்த வயரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்வது வீண் வேலை ஆகாது.

முதலில் அந்த இரண்டு பெட்டிகள். எங்கள் தெருவில் பெரும்பாலும் கேபிள் டி.வி. வயரிலேயே இணையமும் வருகிறது. அந்தக் கருப்பு வயர் வந்து சேரும் பெட்டி மோடம். மோடத்திலிருந்து ஒரு லேன் வயர் கிளம்பி இன்னொரு பெட்டிக்குப் போகிறது. ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி ரௌட்டர். பலரும் இரண்டையும் சேர்த்து 'வைஃபை' என்று சொல்லிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் ஃபைல் கட்டியவன் என்ற முறையில் இதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மோடம் என்பது தபால் பிரிவு. வெளியிலிருந்து வருவதை வாங்கும், உள்ளிருந்து போவதை வெளியே அனுப்பும். உள்ளே எத்தனை மேசை இருக்கிறது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. ரௌட்டர் என்பது ஹெட் கிளார்க். வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும், கணினிக்கும், டி.வி.க்கும் ஒரு மேசை எண் கொடுத்து வைத்திருக்கிறது. 192.168 என்று ஆரம்பிக்கும் எண்கள் அவைதான். உள் உபயோகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட எண்களில் அவையும் சேர்த்தி. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் அதே எண்கள் இருந்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை. எந்த மேசையிலிருந்து கடிதம் போனாலும் ரௌட்டர் அதை அலுவலகத்தின் பெயரில்தான் வெளியே அனுப்பும். பதில் வந்ததும் தன் பதிவேட்டைப் பார்த்து, இது மூன்றாவது மேசைக்கு உரியது என்று கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. தபால் பிரிவு கம்பெனியுடையது. ஹெட் கிளார்க் நம்முடையவர், கடையில் காசு கொடுத்து வாங்கியவர். ஃபைல் தொலைந்தால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். "லைன் நல்லாத்தான் இருக்கு, உங்க ரௌட்டர்தான் கோளாறு" என்கிறது கம்பெனி. "ரௌட்டர் புதுசு சார், லைன்லதான் பிரச்சனை" என்கிறது கடை. இரண்டு பேரும் அவரவர் எல்லைக்குள் உண்மை பேசுவதாகவே நினைக்கிறார்கள். நடுவில் நிற்பவருக்கு இணையம் இல்லை.

பிரான்சில் ஒரு காலத்தில் 'மினிதெல்' என்று ஒன்று இருந்தது. 1982-ல் நாடு முழுவதும் வந்தது, 2012 ஜூன் 30 அன்று நிறுத்தினார்கள். சிறு திரையும் தட்டச்சுப் பலகையும் உள்ள பெட்டி. தொலைபேசி நிர்வாகமே அதை வீடு வீடாகக் கொடுத்தது. லைனும் அவர்களுடையது, பெட்டியும் அவர்களுடையது. கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்ற சந்தேகமே இல்லை. இப்போதும் அங்கே இணையத்துக்குக் கம்பெனி கொடுப்பது ஒரே பெட்டிதான். மோடமும் ரௌட்டரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 'லா போக்ஸ்' என்று சொல்வார்கள், அவ்வளவுதான் பெயர். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் நிற்கும், அங்கேயும் போனில் காக்க வைப்பார்கள். ஆனால் 'உன் பெட்டியா, என் பெட்டியா' என்ற வழக்கு அங்கே குறைவு. இங்கே அந்த வழக்கு தினசரி நடக்கிறது. வழக்கில் நாம் ஜெயிக்க வேண்டுமானால் சாட்சியம் நம் கையில் இருக்க வேண்டும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. கணவர் காலமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் பிரான்சில். தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசிவிட்டால்தான் இருவருக்கும் அன்றைய நாள் முடியும். ஐப்பசி மழையில் இணையம் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் ரௌட்டரை மாற்றச் சொன்னார்கள். 1,600 ரூபாய் கொடுத்துப் புது ரௌட்டர் வாங்கினார். கடைப் பையன் வந்து மாட்டினான். விட்டு விட்டு வந்ததும் போய், முற்றிலும் நின்றுவிட்டது. "லைன் இல்லம்மா" என்று அவன் போய்விட்டான். "ரௌட்டர் சரியில்லை" என்று கம்பெனி மறுபடியும் சொன்னது. இப்படி ஒன்பது நாள். கைப்பேசியில் போட்டிருந்த சிறிய டேட்டாவில் படம் உறைந்து உறைந்து நின்றது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ, சொல்லாமல் மறைக்கிறாரோ என்று மகள் அங்கே பயந்துபோய் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, அவர் இருந்தா எனக்கு இந்தப் பாடு இல்ல. எல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்றார் அந்த அம்மாள்.

போய்ப் பார்த்தேன். மோடத்தில் 'ஆன்லைன்' விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. அப்படியானால் அந்த நேரத்தில் தெருவிலிருந்து வீடுவரை லைன் இருக்கிறது. கைப்பேசியில் வைஃபை முழுதாகக் காட்டியது. அப்படியானால் ரௌட்டரிலிருந்து கைப்பேசிக்கும் வழி இருக்கிறது. மிச்சம் இருப்பது மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நடுவே உள்ள ஒரு முழ வயர். வயரும் சரியாக இருந்தது. காரணம் வேறு. கேபிள் மோடத்தில் பலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன்னோடு முதலில் இணைந்த கருவியின் அடையாள எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அதனிடம் மட்டும்தான் பேசும். ஹெட் கிளார்க்கை மாற்றிவிட்டு, தபால் பிரிவுக்கு ஆணை அனுப்பாவிட்டால் அது பழையவர் பெயரைச் சொல்லித்தானே தபாலைப் பிடித்து வைத்திருக்கும்? அதே கதை. இரண்டு பெட்டியையும் அணைத்தோம். ஐந்து நிமிடம் கழித்து மோடத்தை மட்டும் போட்டோம். எல்லா விளக்கும் நிலைத்த பிறகு ரௌட்டரைப் போட்டோம். இணையம் வந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மழை, மறுபடியும் நின்றது. இந்த முறை ஆன்லைன் விளக்கு மினுக்கியது. அந்த அம்மாளே அதைக் கவனித்து, நான் சொல்லியிருந்தபடி நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். ஒரு வாரத்தில் நாலு தடவை, நாலும் மழை நேரம். அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டிய பிறகுதான் கம்பெனியிலிருந்து ஆள் வந்து மாடிக்கு ஏறினார். மாடியில் கேபிள் இணையும் கனெக்டர் துருவும் களிம்புமாக இருந்தது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று எதைத்தான் விட்டது? வெட்டி எறிந்து, புதிதாக ஒன்றை மாட்ட அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்துவிட்டது. பழைய ரௌட்டர் எந்தக் குற்றமும் செய்யாமல் இன்னும் பரண்மேல் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

ஆக, 1,600 ரூபாயும் ஒன்பது நாளும் ஒரு மகளின் தூக்கமும் போனது பெரிய தொழில்நுட்பச் சிக்கலால் அல்ல. மூன்று விளக்கைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால்.

பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்த எங்களுக்கு தெக்கார்த் என்ற தத்துவஞானியின் பெயர் சிறு வயதிலேயே காதில் விழுந்துவிடும். 'முறை பற்றிய உரை' என்ற அவருடைய நூல் 1637-ல் வந்தது. அதில் நாலு விதிகள் சொல்கிறார். என் வார்த்தையில் சொன்னால், தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஒப்புக்கொள்ளாதே, சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரி, எளியதிலிருந்து கடினமானதற்குப் போ, எதுவும் விட்டுப்போகாதபடி எல்லாவற்றையும் எண்ணிப் பார். அன்று பரீட்சைக்காகப் படித்தது. ரௌட்டர் பழுது பார்ப்பதற்கு இதைவிட நல்ல கையேட்டை நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தெளிவாகத் தெரியாததை ஒப்புக்கொள்ளாதே என்றால், போனில் பேசுபவர் "உங்க ரௌட்டர் கோளாறு" என்றதும் தலையாட்டாதீர்கள். அவர் இருப்பது எங்கேயோ. பெட்டி இருப்பது உங்கள் கண்ணெதிரே. அதேபோல, கைப்பேசியில் வைஃபை கோடுகள் முழுதாக இருப்பதால் இணையம் இருக்கிறது என்றும் நம்பாதீர்கள். அந்தக் கோடுகள் சொல்வது கைப்பேசிக்கும் ரௌட்டருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றி மட்டுமே. தெருவில் வயர் அறுந்து கிடந்தாலும் கோடு முழுதாகத்தான் காட்டும்.

துண்டுகளாகப் பிரி என்றால், வழியை மூன்றாகப் பிரியுங்கள். தெருவிலிருந்து மோடம் வரை ஒன்று. மோடத்திலிருந்து ரௌட்டர் வரை இரண்டு. ரௌட்டரிலிருந்து கைப்பேசி வரை மூன்று. எந்தத் துண்டில் ஃபைல் நின்றுவிட்டது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

எளியதிலிருந்து போ என்றால், முதலில் கண்ணால் பார்ப்பது. கரண்ட் இருக்கிறதா, அடாப்டர் ப்ளக் பாயிண்டில் ஆடுகிறதா, கருப்பு வயரின் திருகு இறுக்கமாக இருக்கிறதா, லேன் வயர் 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா, மோடத்திலிருந்து வரும் வயர் ரௌட்டரின் 'வான்' என்று தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் துளையில்தான் இருக்கிறதா. வீட்டில் வேலை செய்பவர் தூசி தட்டும்போது கழன்றுபோன வயரை அடுத்த துளையில் செருகிவிட்டுப் போவது நடக்கக்கூடியதே. அப்புறம் மோடத்தின் ஆன்லைன் விளக்கு. மினுக்கினால் அல்லது எரியவில்லை என்றால் முதல் துண்டில் பழுது. ரௌட்டரை எத்தனை தடவை தட்டினாலும் பிரயோசனம் இல்லை, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். அதற்கு முன்னால், டி.வி.க்கும் மோடத்துக்கும் வயரைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் நடுவில் இருந்தால் அதன் திருகுகளையும் ஒரு முறை பாருங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லையென்றால், இரண்டு பெட்டியையும் அணைத்து, சில நிமிடம் விட்டு, முதலில் மோடம், அது நிலைத்த பிறகு ரௌட்டர். இந்த வரிசை முக்கியம். தபால் பிரிவு கதவைத் திறப்பதற்கு முன் ஹெட் கிளார்க் வந்து நின்றால் அவருக்குத் தபால் கிடைக்காது. அப்போதும் வரவில்லையென்றால், வீட்டில் மடிக்கணினி இருந்தால் ரௌட்டரை ஒதுக்கிவிட்டு, லேன் வயரை நேராக மோடத்திலிருந்து கணினியில் செருகி, மோடத்தை மறுபடி அணைத்துப் போட்டுப் பாருங்கள். கணினியில் வந்தால் கம்பெனி நிரபராதி, ரௌட்டரைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் ரௌட்டர் நிரபராதி. இதைவிடச் சுத்தமான விசாரணை கிடையாது. சில கம்பெனிகள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுத்தான் உள்ளே விடும். அப்படியானால் அதைக் கணினியில் கொடுத்தே சோதிக்க வேண்டும்.

கணினியில் தெரியும் ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் அதுவும் ஒரு தடயம். "எனக்கு யாரும் மேசை எண் கொடுக்கவில்லை, நானே ஒன்றை எழுதிக்கொண்டேன்" என்று கணினி சொல்வதற்குச் சமம். எண் கொடுக்க வேண்டியவரோடு அதற்குத் தொடர்பு இல்லை என்று பொருள்.

மூன்றாவது துண்டுதான் எங்கள் பழைய வீடுகளில் அதிகம் தகராறு செய்வது. ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். வெயிலுக்கு அருமை, வைஃபைக்கு எமன். புது ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். மைக்ரோவேவ் அடுப்பும் இந்த 2.4 பக்கத்தில்தான் இயங்குகிறது என்பதால் அடுப்பு ஓடும்போது பேச்சு அறுபடலாம். பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் அதே பாதையில் நெரிசல் உண்டாக்கும். ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் டி.வி.க்கு அடியிலும் ஒளித்து வைத்துவிட்டு, கூடத்துக்கு வரவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. நடுக்கூடத்தில், ஆள் உயரத்தில், நாலு பக்கமும் திறந்த இடத்தில் வையுங்கள். பார்க்க அழகாக இராது என்று வீட்டில் சொல்வார்கள். கரண்ட் மீட்டரும்தான் அழகாக இல்லை.

எல்லாவற்றையும் எண்ணிப் பார் என்றால், எழுதி வையுங்கள். நின்ற தேதி, நேரம், எந்த விளக்கு எப்படி இருந்தது, வெளியே மழையா வெயிலா. பத்து வரி சேர்ந்தால் காரணம் தானாகப் பேசும். மழையில் நின்றால் வெளியே எங்கேயோ கனெக்டரில் தண்ணீர். மத்தியான உச்சி வெயிலில் நின்றால் ஏதோ ஒன்று சூடு தாங்கவில்லை. ராத்திரி எட்டிலிருந்து பத்துவரை மட்டும் ஊர்ந்தால், தெருவே அந்த நேரத்தில் படம் பார்க்கிறது. கேபிளில் வரும் இணையம் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் வழி. அதை உங்கள் ரௌட்டரை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. 'அணைத்துப் போடுவது' வேறு, 'ரீசெட்' வேறு. ரௌட்டரின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். போனில் சிலர் சர்வசாதாரணமாக "அதைக் குத்துங்க" என்பார்கள். குத்தினால் வைஃபை பெயர், கடவுச்சொல், கம்பெனி கொடுத்த விவரங்கள் எல்லாம் அழிந்து பெட்டி கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். பதிவேட்டைக் கொளுத்திவிட்டு அலுவலகத்தைத் திறப்பதுபோல. விவரங்கள் எழுதி வைத்திருந்தால் ஒழிய அந்தத் துளைப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. தினமும் ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் வேலை செய்கிறது என்றால் அது மருந்து அல்ல, நோயின் அடையாளம். அடாப்டர் பலவீனமாகியிருக்கலாம், பெட்டி சூடேறலாம், லைனில் சிக்னல் குறைந்திருக்கலாம். "அணைச்சுப் போட்டா வந்துடுதுல்ல, அப்புறம் என்ன?" என்று புகாரை முடித்துவிடும் பழக்கத்தை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு, தெரியும். "வயசான காலத்தில் இதெல்லாம் தலையில் ஏறாது" என்பது முதலாவது. நான் பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நோட் எழுத வேண்டிய வேலையில் சேர்ந்தவன். என்னைப் போல எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே உண்டு. 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுதாக இந்தியாவோடு சேர்ந்தபோது, சட்டம், படிவம், அலுவலக மொழி எல்லாம் எங்கள் கண்ணெதிரே மாறின. ஒரு நிர்வாகத்தையே புதிதாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஐந்து விளக்கைப் படிக்க வராது என்பதை நான் ஒப்பமாட்டேன். தலையில் ஏறாது என்று சொல்வதைவிட, யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை என்பதே சரி.

"ஃபைபர் வந்துவிட்டது, கேபிள் மோடம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பது இரண்டாவது. வரட்டும். கருப்பு வயருக்குப் பதில் கண்ணாடி இழை வரும். மோடம் இருக்கும் இடத்தில் வேறொரு பெட்டி வரும். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியின் பெயர் மாறும், மூன்று துண்டு மாறாது.

"நாம் காசு கொடுக்கிறோம், சரிசெய்வது அவர்கள் வேலை" என்பது மூன்றாவது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நாம் மாடி ஏறிக் கனெக்டர் மாற்ற வேண்டியதில்லை, ஏறவும் கூடாது. ஆனால் எது பழுது என்று சொல்லத் தெரிந்தவரிடம் அவர்கள் பேசும் தோரணையே வேறு. "நெட் வரலை" என்றால் அணைத்துப் போடச் சொல்வார்கள். "ஆன்லைன் விளக்கு காலை 7 மணியிலிருந்து மினுக்குகிறது, இந்த வாரத்தில் மூன்றாவது முறை" என்றால் ஆள் அனுப்புவார்கள்.

கம்பெனிகளிடமும் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, மோடம் கொடுக்கும்போது எந்த விளக்கு எதற்கு என்று தமிழில் ஒரு அட்டை கொடுங்கள். கேஸ் சிலிண்டருக்குக் கொடுக்க முடிகிறது அல்லவா? இரண்டு, புகாருக்கு எண் கொடுக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. தீர்வு திருப்தி இல்லாவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. அந்த எண்ணை நாங்கள் கேட்காமலே கொடுங்கள். வாடிக்கையாளர் "சரியாகிவிட்டது" என்று சொல்லும் முன் புகாரை மூடாதீர்கள். மூன்று, ரௌட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் உங்கள் ஆள் ஒரு மடிக்கணினியை மோடத்தில் செருகிக் காட்டட்டும். ஐந்து நிமிட வேலை. ஒரு குடும்பத்தின் வீண் செலவு மிச்சம்.

பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று. கடவுச்சொல்லை அம்மா அப்பாவிடம் மறைக்காதீர்கள். ஏதாவது அழுத்திக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள். பெட்டியோடு வந்த ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், நல்லது. மாற்றியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

என் வயதுக்காரர்களிடம், முக்கியமாக ஆண்களிடம், சொல்லவேண்டியது இதுதான். அந்த அம்மாள் சொன்ன வார்த்தையை யோசியுங்கள். "எல்லாம் அவருக்குத்தான் தெரியும்." நம்மில் பல வீடுகளில் நிலைமை அதுதானே? அலுவலகத்தில் மாற்றல் வந்தால் சாவி, பதிவேடு, நிலுவை ஃபைல் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி, அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே மேசையை விட்டு எழுந்தோம்? வீட்டில் மட்டும் ஏன் பட்டியல் இல்லாமல் போக நினைக்கிறோம்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் கம்பெனியின் புகார் எண், உங்கள் வாடிக்கையாளர் எண், வைஃபை பெயர், கடவுச்சொல். இரண்டாம் பக்கத்தில் மோடம் எது, ரௌட்டர் எது, நல்ல நாளில் எந்தெந்த விளக்கு எரியும், எதை முதலில் போட வேண்டும். மூன்றாம் பக்கத்திலிருந்து நின்ற நாள்களின் கணக்கு. எழுதிவிட்டு பீரோவில் பூட்டாதீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். பிறகு ஒரு சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு, நீங்கள் கை வைக்காமல், அவரையே இரண்டு பெட்டியையும் அணைத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். வருகிறதா, வந்துவிட்டதா? அப்போதுதான் பொறுப்பு ஒப்படைத்ததாகக் கணக்கு.